ஆறு நிமிடம் வெளியே

கல்லூரிக்கு வந்த நான்காம் நாளே அவளுக்கு ஆவி என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவள் அறைத்தோழி. அந்தத் தோழி படுத்தால் விடுதிக் கட்டில் போதாமல் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் அவளுக்கு முன்பே ஏணி என்று பெயர். பெயர் வாங்கியவள் பெயர் கொடுப்பதில் கணக்குத் தீர்த்துக்கொண்டாள்.

வகுப்பறை வாசலில், விளக்கு சுவிட்சுகளுக்குப் பக்கத்தில், சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக ஒரு பெட்டி இருந்தது. விரலை வைத்தால் பச்சை எரியும், பெயர் வரும், அன்றைய வருகை பதிவாகும். தொழில்நுட்பப் பிரிவின் முதலாண்டில் அறுபத்து மூன்று பேர். அறுபத்திரண்டு பேருக்குப் பச்சை எரிந்தது. அவளுக்கு மட்டும் சிவப்பு. "பொருந்தவில்லை" என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், பாத்திரக்கடைக்காரர் மூடியைப் பார்த்துச் சொல்வதுபோல, கொஞ்சமும் வருத்தமில்லாமல் சொன்னது.

"அது கண்ணுக்கு நீ தெரியவே இல்ல பாரு. நீ ஆவிடி," என்றாள் ஏணி. வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

முதல் வாரம் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சோப்புப் போட்டுக் கழுவு என்றார்கள். கழுவாதே, ஈரம் ஆகாது என்றார்கள். ஆய்வக உதவியாளர் அவள் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வீட்டுல பாத்திரம் நெறைய தேய்ப்பியாம்மா? ரேகை தேஞ்சிருக்கும்," என்று அனுதாபப்பட்டார். அவள் எண்ணெய் தடவினாள், துடைத்தாள், ஊதினாள், பாவாடையில் தேய்த்தாள். பெட்டி மசியவில்லை.

நிரல் எழுதச் சொல்லித்தரும் ஆசிரியை நல்லவர். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவளைப் பார்த்துக்கொண்டே, கையிலிருந்த தாளில் அவள் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று அச்சாகியிருப்பதைப் படித்தார்.

"நான் உன்னப் பாக்குறேன்மா," என்றார். "ஆனா நான் பாத்தா போதாதே. மேல போய் ஆபீசுல சொல்லு."

மேல்மாடியில் பதிவு அலுவலர் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். அவர் மேசையில் ஒரு தாள்கூட இல்லை. ஒரு திரை, ஒரு பெட்டி, ஒரு சாப்பாட்டு டப்பா.

"உங்க விரல் ஏற்கெனவே பதிஞ்சிருக்கேம்மா."

"அது பொருந்தலையே சார். மறுபடி பதிஞ்சு குடுங்க."

"மறுபடி பதியணும்னா பழைய விரல் ஒருதடவ பொருந்தணும். அப்பத்தான் அத அழிக்க விடும். இல்லன்னா நீங்கதான் நீங்கன்னு அது எப்படி நம்பும்?"

"அடையாள அட்ட இருக்கு சார்."

"அட்டைய யார் வேணா கழுத்துல தொங்கவிடலாம்."

அவள் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள்.

வேடிக்கை வடிந்தது வாசற்கதவில்தான். கல்லூரியும் விடுதியும் ஒரே மதிலுக்குள் இருந்தன. வெளியே போக ஒரே வழி, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் சுழல் கம்பிக் கதவு. ஒரு விரலுக்கு ஒரு சுற்று, ஒரு சுற்றுக்கு ஓர் ஆள். உள்பக்கம் ஒரு பெட்டி, வெளிப்பக்கத் தூணில் ஒரு பெட்டி. முதலாண்டு மாணவர்கள் வாரத்துக்கு ஒரு முறை வெளியே போய் வரலாம். முதல் இரண்டு மாதம் பழகும் காலம் என்பதால் பார்க்க யாரும் வரக் கூடாது. பழகுவது என்றால் என்ன என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பூட்டிய அலமாரிக்குள் துணி மடிந்து கிடப்பதற்கும் அதுதான் பெயரோ என்று நினைத்துக்கொண்டாள்.

பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை, லாரிகளுக்கான பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் வழியாக உள்ளே வந்ததோடு சரி. முதல் சனிக்கிழமை ஏணியோடு சோப்பு வாங்கப் போனபோது கம்பிகள் அவள் இடுப்பில் இடித்து நின்றன.

"செவப்பு," என்றார் காவலர். முக்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "பச்ச எரிஞ்சா நான் தடுக்கக் கூடாது. செவப்பு எரிஞ்சா நான் விடக் கூடாது. நடுவுல யோசிக்கிறதுக்கெல்லாம் எனக்குச் சம்பளம் இல்ல பாப்பா."

அன்றிலிருந்து ஏணிதான் அவளுக்குக் கடைத்தெரு. சோப்பு, நோட்டு, ஊக்கு எல்லாம் ஏணியின் பைக்குள் வந்தன. அவள் மாலையில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எதிர்சாரியைப் பார்ப்பாள். நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு தேநீர்க் கடை, அதையொட்டி நகல் எடுக்கும் கடை, பேருந்து நிறுத்தம், ஒரு கால் உடைந்த பெஞ்சு. கம்பிகளுக்கு நடுவே எல்லாம் கீற்றுக் கீற்றாகத் தெரியும். ஒருவர் தேநீர் குடித்தால் முதல் கீற்றில் கை தெரியும், அடுத்த கீற்றில் கண்ணாடித் தம்ளர், அதற்கடுத்ததில் வாய். அவள் தலையை ஆட்டி ஆட்டி அந்த மனிதரை ஒட்டவைத்துக்கொள்வாள். வீடு அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரப் பயணம்தான். அந்தப் பேருந்தின் எண்கூட அவளுக்குத் தெரியும்.

உள்ளேயோ அவள் கணக்கில் இல்லை. வெளியேயும் போக முடியவில்லை. வகுப்புக்கு வராதவள், வளாகத்தைவிட்டுப் போகாதவள். அப்படியென்றால் எங்கேதான் இருக்கிறாள்? மதிலுக்குள்ளேயே, செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருக்கிறாளா? சில நாள் சாப்பாட்டு அறையில் தட்டைப் பிடித்து நிற்கும்போது தன் கை சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வாள். அங்கே மட்டும்தான் பெட்டி இல்லை. கரண்டி பிடித்த அம்மா யார் தட்டை நீட்டினாலும் போட்டார்.

இதற்கு நடுவில் பாடம் பிடித்துப்போனது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் ஆசிரியை இரண்டு எண்களை ஒப்பிடும் நிரல் ஒன்றை எழுதச் சொன்னார். பொருந்தினால் இதைச் செய், பொருந்தாவிட்டால் அதைச் செய். அவள் பன்னிரண்டு வரியில் எழுதி ஓடவிட்டாள். ஓடியது. தான் சொன்னதை ஒரு பொருள் கேட்டு நடக்கிறது என்பதே அவளுக்கு அந்த மாதத்தில் புதிது. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. வாசலில் இருக்கும் பெட்டியும் இவ்வளவுதான். அதற்கு ஆளைத் தெரியாது, முகத்தைத் தெரியாது. முன்னே வைத்ததும் இப்போது வைத்ததும் ஒன்றா என்று பார்க்கும். இவள் எழுதிய பன்னிரண்டு வரிக்கு மேல் அதற்கு மூளை கிடையாது.

ஆனால் அந்தப் பன்னிரண்டு வரி மூளை தினமும் வீட்டுக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. "உங்கள் மகள் இன்று வகுப்புக்கு வரவில்லை." அப்பாவின் கைபேசிக்குக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று.

இரண்டாம் வாரமே அம்மா கூப்பிட்டிருந்தாள். "நெசமாச் சொல்லு. கிளாசுக்குப் போறியா, ஊர் சுத்துறியா?"

"வெளியவே போக முடியலம்மா. எங்க சுத்துறது?"

"மெஷின் பொய் சொல்லுமா?"

"நான் சொல்வேனா?"

அப்பா லைனுக்கே வரவில்லை. அவர் பாட்டில் மூடி செய்யும் ஆலையில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறார். மூடிகளைப் போலவே அவரும், அழுத்தி மூடினால் எளிதில் திறக்க மாட்டார்.

நான்கு வாரம் போனது. விடுதிப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இல்லாதவர்கள் முதல் தேர்வை எழுத முடியாது. முதல் தேர்வை எழுதாதவர்கள் அடுத்த ஆண்டு புதிதாகச் சேர வேண்டும். அவள் அதை மூன்று முறை படித்தாள். அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அப்பாவே கூப்பிட்டார்.

"பாப்பா, நீ எந்த விரல வெக்கிற?"

"வலது கை ஆள்காட்டி விரல்பா."

"அதான் எனக்கும் புரியல. நானும் அதத்தான வெச்சேன்."

அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "நீங்க எங்க வெச்சீங்க?"

"சேக்க வந்த அன்னிக்கு. கண்ணாடி போட்ட சாரு கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே பெட்டிய இந்தப் பக்கம் தள்ளுனாரு. நீ ஃபாரத்துல ரத்த குரூப்பு எழுதிக்கிட்டிருந்த. நான் வெச்சேன். டிங்னு சத்தம் வந்துச்சு. சரின்னு வந்துட்டேன்."

"ஏம்பா வெச்சீங்க?"

"பெட்டிய நீட்டுனா வெக்க மாட்டாங்களா?" அப்பாவுக்கு உண்மையாகவே புரியவில்லை. "பதினேழு வருசமா காலைல அதத்தான செய்யிறேன். பெட்டியக் கண்டா வெரல் தானாப் போயிடுது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கைபேசியில் காதை வைத்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த ஏணிதான் முதலில் சிரித்தாள். கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாள். "அப்போ இங்க அட்மிஷன் ஆனது உங்கப்பாவா? தினமும் அவர வரச் சொல்லுடி, நீ போய் மூடி செய்."

மறுநாள் புதன்கிழமை பத்தரை மணிக்கு அப்பா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார், சலவைச் சட்டையோடு. முதல் கீற்றில் தோள், அடுத்த கீற்றில் முகம்.

"பாக்க வர்றவங்களுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு அண்ணே," என்றார் காவலர்.

"நான் பாக்க வரல. அழிக்க வந்தேன்."

"அப்பா, அந்தத் தூண்ல இருக்கு பாருங்க. விரல வைங்க," என்றாள் அவள்.

வைத்தார். பச்சை எரிந்தது. "நல்வரவு" என்றது பெண்குரல். சின்னத் திரையில் இரட்டைப் பின்னல் போட்ட அவள் படம் வந்தது. முப்பத்தொரு நாளாக அவளுக்குக் கிடைக்காத வரவேற்பு. அப்பா கம்பிகளோடு சுற்றி உள்ளே வந்தார். காவலர் கடலைத் தோலை ஊதிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மொதல் வருசமா அண்ணே? சீனியருங்க கண்ணுல பட்டுடாதீங்க. பாட்டுப் பாடச் சொல்வாங்க."

பதிவு அலுவலர் அன்று கூட்டத்தில் இருந்தார். பன்னிரண்டரைக்குத்தான் இருக்கைக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ இத்தன நாளா எங்க காலேஜ்ல படிக்கிறது நீங்களா?"

"தெரியாம வெச்சுட்டேன் சார். நீங்க பெட்டியத் தள்ளுனீங்க."

"நான் திரையப் பாத்தேன்," என்றார் அவர், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல. "சரி, வைங்க."

அப்பா வைத்தார். "பொருந்தியது." அலுவலர் ஏதோ தட்டினார். "அழிக்கப்பட்டது." பெட்டி இப்போது அவள் பக்கம் நகர்ந்தது. அவள் விரலை வைத்தாள். டிங் என்று சத்தம் வந்தது. அவ்வளவுதான். ஒரு மாதமாக இல்லாதவள் ஒரு சத்தத்தில் இருக்கிறவளாகிவிட்டாள்.

"போன நாளெல்லாம் சார்?"

"அது போனது போனதுதான்மா."

"நான் வந்தேன் சார். தினமும் வந்தேன்."

"வந்தீங்க. பதிவாகல." அவர் திரையில் கணக்குப் போட்டார். "பருவத்துக்குத் தொண்ணூறு நாள். காலை, மதியம்னு நூத்தி எண்பது வேளை. நாப்பத்தஞ்சு வேளை விடலாம். இருபத்திரெண்டு நாளும், இன்னிக்குக் காலையும் சேத்தா..." நிமிர்ந்து பார்த்தார். "சரியா நாப்பத்தஞ்சு. இன்னிக்கு மதியத்துலேர்ந்து ஒரு வேளகூட விடக் கூடாது. காய்ச்சல் வந்தாலும் சரி. ஒன்றரைக்குள்ள வகுப்புப் பெட்டில வெச்சிடுங்க."

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, அறையைப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு அவர் போய்விட்டார். மணி ஒன்று பத்து.

வாசலுக்கு நடக்கும்போது அப்பா லேசாக இருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு மூடியை எடுத்து அவளிடம் கொடுத்தார். "புது மாடல். உள்பக்கம் பாரு, ரப்பரே இல்ல." மூன்று மணிக்கு அவருக்கு ஷிப்டு. ஒன்றரைப் பேருந்தைப் பிடித்தால் போதும். கதவருகே வந்ததும், பேசிக்கொண்டே, அவர் விரல் தானாகப் பெட்டிக்குப் போனது.

சிவப்பு. "பொருந்தவில்லை."

அப்பா விரலைச் சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார். ஊதிவிட்டு வைத்தார். அவள் ஒரு மாதமாகச் செய்ததையெல்லாம் வரிசையாகச் செய்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

"அழிச்சாச்சுப்பா. நீங்க இப்ப இங்க இல்ல."

காவலர் முக்காலியைவிட்டு எழுந்தார். "பக்கக் கதவு சாவி ஆபீஸ் சார்கிட்ட. அவர் சாப்டுட்டு ரெண்டு மணிக்குத்தான் வருவாரு."

"நீங்க சொன்னா..."

"நான் சொன்னா பூட்டு கேக்காது அண்ணே."

அப்பா பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கே போறேன். ஒருநாள் லேட்டாப் போனா என்ன."

"இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு லேட்டுன்னு அம்மா சொன்னாங்க."

"அது..."

"மூணாவது ஆனா?"

"ஒரு வாரம் வெளிய நிக்க வெப்பாங்க. அவ்வளவுதான். வெளிய நிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல." அவர் சிரிக்கப் பார்த்தார். கட்டைவிரல் பையிலிருந்த இன்னொரு மூடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஆலை வாசலிலும் ஒரு பெட்டி இருக்கிறது. அதுவும் மணி மூன்று ஐந்துக்கு மேல் யாரையும் தெரிந்துகொள்ளாது.

அவள் கதவைப் பார்த்தாள். இப்போது அது அவள் விரலுக்குத் திறக்கும். ஒரு சுற்று, ஓர் ஆள். வாரத்துக்கு ஒரு முறை. சுற்றிலும் வேறு மாணவர்கள் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் சனிக்கிழமைக்கு என்று வைத்திருக்கும் சுற்றை யார் தூக்கிக் கொடுப்பார்கள்? இவள் விரலில் அப்பா போனால், பெட்டியைப் பொறுத்தவரை போனது இவள்தான். வெளியே போனவளை வகுப்புப் பெட்டி ஏற்காது. நாற்பத்தாறாவது வேளை. அவ்வளவுதான், தேர்வு போயிற்று.

மணி ஒன்று பதினெட்டு.

பன்னிரண்டு வரி, என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்கு ஆளைத் தெரியாது. விரலைத் தெரியும், சுற்றைத் தெரியும். வெளியே ஒரு சுற்று போனால் போனவள். உள்ளே ஒரு சுற்று வந்தால் வந்தவள். சுற்றுகிற கம்பிக்குள் ஆள் இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. கதவுக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கும் கம்பிகளையும், அவற்றுக்கு அப்பால் வெளித் தூணில் இருந்த பெட்டியையும் அவள் கண்ணால் அளந்தாள்.

"அப்பா, நான் வெக்கிறேன். நீங்க போங்க."

"அப்புறம் நீ?"

"வெளிய நின்னு என் கையப் பிடிங்க. சொல்றேன்."

விரலை வைத்தாள். பச்சை. கம்பிகள் ஒரு மூச்சு விட்டதுபோலத் தளர்ந்தன. முப்பத்தொரு நாளாக அவள் கனவில் கேட்ட சத்தம் அது. அவளுடைய உடம்பு யோசிக்காமல் ஓர் அடி முன்னே வைத்துவிட்டது. அங்கே நீலத் தார்ப்பாய், வெயில், உடைந்த பெஞ்சு, கீற்று இல்லாத முழு மனிதர்கள். அப்பா பின்னால் ஒதுங்கி நின்றார். அவள் போனால் போகட்டும் என்று நின்றதுபோல இருந்தது.

அவள் விலகினாள். "சீக்கிரம் போங்கப்பா."

கம்பிகள் அப்பாவைச் சுற்றி வெளியே கொண்டுபோய் விட்டன. "சென்று வருக" என்றது பெண்குரல், அவளுடைய பெயரைச் சொல்லி.

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காவலரிடம் கொடுத்தாள். பக்கத்துக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டாள். முழங்கை சிக்கியது. திருப்பி இழுத்து வேறு மாதிரி விட்டாள். தோள் இரும்பில் அழுந்த, விரல் பெட்டியை நோக்கிப் போய், இரண்டு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது.

"உள்ளேர்ந்து கைய நீட்டக் கூடாதுன்னு ரூல் இருக்கா?" என்று அப்பா காவலரைக் கேட்டார்.

காவலர் கடலையை மென்றபடி யோசித்தார். "இல்ல. இதுவரைக்கும் யாரும் நீட்டல."

அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவர் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. கன்னம் கம்பியில் ஒட்டி, அவளுக்குத் துருவின் வாசனை அடித்தது. "வலிக்குதா?" "இழுங்க." இன்னும் ஒரு விரற்கடை. அவள் மூச்சை வெளியே விட்டு உடம்பை ஒடுக்கினாள். அப்பா அவளுடைய ஆள்காட்டி விரலை மட்டும் பிரித்து எடுத்து, குழந்தைக்கு எழுதப் பழக்குவதுபோலப் பெட்டியின்மேல் வைத்தார்.

சிவப்பு. வியர்வை.

அப்பா அவள் விரலைத் தன் சலவைச் சட்டையில் அழுத்தித் துடைத்தார். மறுபடி வைத்தார்.

"நல்வரவு."

அப்பா இடக்கையால் சுழல் கதவைத் தள்ளினார். யாரும் இல்லாத கதவு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றது. பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. "ஒரு வேளகூட விட்டுடாத," என்று சொல்லிக்கொண்டே அவர் ஓடினார். சட்டையில், நெஞ்சுக்குக் கீழே, அவளுடைய விரல் அளவுக்கு ஓர் அழுக்கு.

அவளும் ஓடினாள். வகுப்பு வாசலில் மணி ஒன்று இருபத்தெட்டு. பச்சை எரிந்து அவள் பெயர் வந்தபோது யாரோ கைதட்டினார்கள். ஆசிரியை தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முதல்முறையாக இரண்டையும் ஒன்றாகப் பார்த்துத் தலையசைத்தார். அவள் உட்கார்ந்த பிறகுதான் தோள் வலிக்கத் தொடங்கியது. கை முழுக்கத் துருவின் கோடுகள். அறுபத்தேழு நாள் மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை எல்லாரும் கிளம்பினார்கள். ஏணி அவளையும் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவளுக்குத் தெரியும், என்றாலும் விரலை வைத்துப் பார்த்தாள். சிவப்பு எரிந்தது. ஆனால் இந்த முறை பெண்குரல் பொருந்தவில்லை என்று சொல்லவில்லை. "இந்த வாரம் வெளியே சென்று வந்துவிட்டீர்கள்."

காவலர் திரையை எட்டிப் பார்த்தார். "ஆமா பாப்பா. புதன்கெழம ஒண்ணு பத்தொம்போதுக்குப் போயிருக்க. ஒண்ணு இருபத்தஞ்சுக்கு வந்திருக்க. ஆறு நிமிஷம்."

ஏணியும் மற்றவர்களும் ஒவ்வொரு சுற்றாக வெளியே போனார்கள். அவள் வழக்கமான இடத்தில், கம்பியில் நெற்றியை வைத்து நின்றாள். அந்த ஆறு நிமிடம் யாருடையது? தன் பெயரில் ஒருத்தி வெளியே போயிருக்கிறாள். என்ன செய்திருப்பாள்? தெருவைக் கடந்திருப்பாள். உடைந்த பெஞ்சில் நல்ல பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தேநீர் சூடாக இருந்திருக்கும். ஆறு நிமிடத்தில் குடித்து முடிப்பது கஷ்டம். பாதித் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்திருப்பாள்.

தெருவின் நடுவே போய்விட்ட ஏணி திரும்பிப் பார்த்தாள். முதல் கீற்றில் ஒரு கண், அடுத்த கீற்றில் சிரிப்பு.

"ஏய் ஆவி, உனக்கு என்னடி வாங்கிட்டு வர?"

"அந்தக் கடையில கேளு," என்றாள் அவள். "நான் வெச்சிட்டு வந்த டீ ஆறிப்போச்சான்னு."